கோப்பை வைத்த கடதாசி

ஒரு குற்றத்தை ஒப்புக்கொண்டு தொடங்குகிறேன். இரண்டு பல்கலைக்கழகங்கள் சரிசமமாகச் செய்துகொள்ள இருந்த ஓர் ஒப்பந்தத்தின் மிக முக்கியமான பக்கத்தை, ஒரு வெள்ளிக்கிழமை முற்பகல், நான் ஈரக் கோப்பிச் சக்கையைச் சுற்றிக் குப்பைத் தொட்டியில் போட்டேன். யாரும் தூண்டிவிடவில்லை, லஞ்சமும் தரவில்லை. கை பழகிவிட்டது, அவ்வளவுதான். மனிதனுக்குக் கெட்ட பழக்கத்தால் வரும் கேட்டைப் பற்றி எல்லோரும் எழுதுகிறார்கள். நல்ல பழக்கத்தால் வந்த கேட்டைப் பற்றி ஒருவனாவது எழுத வேண்டாமா?

அப்போது எனக்கு இருபத்தெட்டு வயது. இத்தாலியின் பலெர்மோ நகரில், அல்பெர்கேரியாப் பகுதி ஒழுங்கை ஒன்றில், பலாரோ சந்தையில் மீன் விற்பவன் கூவுவது தலையணைக்குள் கேட்கும் ஓர் அறையில் இருந்தேன். செவ்வாயும் வெள்ளியும் லிபெர்த்தா பக்கம் ஒரு சிஞ்ஞோராவின், அதாவது ஓர் இத்தாலிய அம்மாவின், வீட்டில் கூட்டித் துடைத்து, உடுப்பு மினுக்கி, சன்னல் கண்ணாடி மினுக்கும் வேலை. சிஞ்ஞோரா பல்கலைக்கழகத்தில் பேராசிரியர். "பல்கலைக்கழகப் பேராசிரியர் வீட்டில் வேலை செய்கிறேன்" என்று யாழ்ப்பாணத்துக்குத் தொலைபேசியில் சொன்னேன். அம்மா அதை ஊருக்குச் சொல்லும்போது நடுவில் இரண்டு சொற்களைச் சிக்கனம் கருதி விட்டுவிட்டார். மகன் இத்தாலியில் பல்கலைக்கழகத்தில் வேலை செய்கிறான் என்று ஊர் முழுவதும் பரவிவிட்டது. நான் திருத்தவில்லை. (திருத்த நினைத்தேன். அழைப்புக் கட்டணம் அதிகம் என்று சமாதானம் சொல்லிக்கொண்டேன். அழைப்பு இலவசம்.)

சிஞ்ஞோரா நல்ல மனுசி. என் பெர்மெஸ்ஸோவை, வதிவிட அனுமதியை, புதுப்பிக்க வேண்டிய நேரமெல்லாம் தானே வந்து வரிசையில் நின்றிருக்கிறார். ஆனால் வீட்டுக்குச் சில சட்டங்கள் இருந்தன. வாசலில் சப்பாத்தைக் கழற்ற வேண்டும். குடித்த கோப்பை மேசையில் ஐந்து நிமிடத்துக்கு மேல் கிடக்கக் கூடாது. மூன்றாவது சட்டம் கடதாசிச் சட்டம். வீடு முழுவதும் அவர் எழுதி எழுதி அச்செடுத்த தாள்கள் கிடக்கும். வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம் எது குப்பை, எது ஆராய்ச்சி என்று தெரியாமல் ஒரு கட்டுரையின் முடிவுரையைத் தூக்கி எறிந்துவிட்டேன். அன்றே அவர் ஒரு வழி சொன்னார்: வேண்டாத தாளின் மேல் நான் என் கோப்பையை வைப்பேன், கோப்பை வைத்த தாள் குப்பை, கோப்பை வைக்காத தாளைத் தொட்டால் தொலைந்தாய். கோப்பை வைத்த தாளையும் நான் வீணாக்குவதில்லை. மோக்கா என்ற கோப்பிக் கெண்டியிலிருந்து எடுத்த ஈரக் கோப்பிச் சக்கையை அதில் சுற்றித் தொட்டியில் போடுவேன். நான்கு வருடத்தில் ஒரு தடவைகூடப் பிழை விட்டதில்லை.

ஒரு வெள்ளிக்கிழமை, கோப்பை வைக்காத ஒரு தாள் மேசையில் கிடந்தது. தூசு தட்டும்போது கண்ணில் பட்டது. (வாசிக்கக் கூடாது என்று சட்டம் இல்லை.) பலெர்மோவில் வீட்டு வேலை செய்யும் தமிழர்களின் குடும்பங்கள் ஊரில் எப்படி வாழ்கின்றன என்று ஓர் ஆராய்ச்சி. அதற்கு இலங்கையின் வடக்கில் துணைக்கு ஒரு பல்கலைக்கழகம் தேவை என்று எழுதியிருந்தது. துடைப்பத்தைச் சுவரில் சாத்திவிட்டு, எனக்கு ஒன்றைத் தெரியும் என்றேன். சிறிய இடம், தமிழ்ப் பிள்ளைகள்தான் படிக்கிறார்கள், நானும் இரண்டு வருடம் சமூகவியல் படித்துவிட்டுச் சோதனை எழுதாமல் விமானம் ஏறியவன் என்று சொன்னேன். சிஞ்ஞோரா அன்றே மின்னஞ்சல் அனுப்பினார். நான் கல்யாணத் தரகன் மாதிரி நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வீட்டுக்குப் போனேன். பெண் வீடும் தெரியும், மாப்பிள்ளை வீடும் தெரியும், தட்சணை மட்டும்தான் இல்லை.

அங்கிருந்து பதில் போட்டவர் பேராசிரியர் மங்களேஸ்வரி. நான் பாதியில் விட்டுவிட்டு வந்த அதே வகுப்பின் பேராசிரியர், எங்களுக்கு மிஸ். மின்னஞ்சலில் என் பெயரைக் கண்டு, அம்மாவிடம் என் இலக்கத்தை வாங்கி என்னுடன் நேரடியாகவும் பேசினார். (அம்மா இலக்கத்தோடு சேர்த்து என் உத்தியோகத்தையும் கொடுத்திருந்தார்.) மிஸ் சந்தோஷமாகத்தான் இருந்தார், ஆனால் குரலில் ஓர் எச்சரிக்கை இருந்தது. முன்னரும் வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்கள் வந்திருக்கின்றனவாம். வினாக்கொத்தைக் கையில் தந்துவிட்டுப் போவார்களாம். மாணவர்கள் வெயிலில் வீடு வீடாக ஏறி இறங்கி நிரப்பிக் கொடுப்பார்களாம். புத்தகம் வந்து பார்த்தால் கடைசிப் பக்கத்தில், சாரதிக்கு நன்றி சொன்ன வரிக்குக் கீழே, 'உள்ளூர் நண்பர்களுக்கும்' என்று இருக்குமாம்.

"எங்களுக்குப் பேர் இல்லையோ தம்பி?" என்று கேட்டார்.

இந்த முறை மூன்று விடயங்கள் எழுத்தில் வேண்டும் என்றார். சேகரிக்கும் தகவல்கள் இரண்டு இடத்திலும் இருக்க வேண்டும். வெளிவரும் எதிலும் இரண்டு பெயர்களும் முகப்பில் இருக்க வேண்டும். பலெர்மோ மாணவர்கள் ஊருக்கு வருவது போல ஊர் மாணவர்களும் பலெர்மோவுக்குப் போக வேண்டும். இவை இல்லாவிட்டால் தான் கையெழுத்து வைக்கப்போவதில்லை. வைக்காவிட்டால் தன் பிள்ளைகளுக்கு வெளியே போக இருக்கும் ஒரே கதவும் சாத்திவிடும் என்றார். அதைச் சொல்லும்போது குரல் தணிந்துவிட்டது.

"அங்கத்தை முறையள் எனக்கு ஒண்டும் தெரியாது. நீர் பல்கலைக்கழகத்திலை இருக்கிற ஆள். நீர் செய்யிறதைப் பாத்து நானும் செய்யிறன். ஒண்டு மட்டும், மேசையிலை எங்கட பக்கம் இரும்."

அந்த இடத்தில் உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். "ஓம் மிஸ்" என்றேன்.

ஒப்பந்தம் பேச மிஸ் பலெர்மோவுக்கு வருவதாகவும் நான் மொழிபெயர்ப்பதாகவும் முடிவானது. அடுத்த கடமை, நான் சிஞ்ஞோரா வீட்டில் வேலை செய்வதை மிஸ்ஸுக்கு முன்னால் சொல்ல வேண்டாம் என்று அவரிடம் கேட்பது. ஒரு செவ்வாய்க்கிழமை முழுவதும் அதற்கு வாய்ப்புத் தேடினேன். அவர் இருந்த அறையின் சன்னலை மூன்று தடவை மினுக்கினேன். கண்ணாடி இருக்கிறதா இல்லையா என்று தெரியாத அளவுக்குச் சுத்தமாகிவிட்டது. வாய் மட்டும் திறக்கவில்லை. அவரோ நான் மொழிபெயர்க்க வருகிறேன் என்று உண்மையாகவே மகிழ்ந்தார். அன்று வீட்டு வேலைக்கு விடுப்பு என்றும் சொன்னார். ஆனால் கூட்டம் வைத்திருந்தது வெள்ளிக்கிழமை. விடுப்பு எனக்குத்தான், என் கைகாலுக்கு யாரும் அறிவிக்கவில்லை.

வியாழன் மாலை ஸ்தாசியோனே சென்ட்ராலே என்ற மத்திய ரயில் நிலையத்தில் பஸ்ஸால் இறங்கிய மிஸ்ஸைக் கூட்டி வந்தேன். அம்மா கொடுத்துவிட்ட மிளகாய்த் தூள் பொதி அவர் கைப்பையில் இருந்தது. வழியெல்லாம் நான் எந்தத் துறையில் இருக்கிறேன் என்று விசாரித்தார். "பராமரிப்பு" என்றேன். (பொய் இல்லை.) கட்டடக்கலையா என்று கேட்டார். அந்த நேரம் பார்த்து ஒரு மோட்டார் சைக்கிள் எங்களை உரசிக்கொண்டு போனது. அதன் பிறகு அவர் உயிரோடு நடப்பதிலேயே கவனமாக இருந்தார்.

வெள்ளி காலை, பலெர்மோவிலேயே இருந்த என் மச்சானின் கோட்டைக் கடன் வாங்கிப் போட்டுக்கொண்டு போனேன். மச்சான் என்னைவிட இரண்டு பங்கு. கோட்டுக்குள் நான் எந்தப் பக்கம் இருக்கிறேன் என்று எனக்கே சந்தேகம். பல்கலைக்கழகத்தின் மூன்றாம் மாடியில் கூட்ட அறையின் கதவு திறந்திருந்தது. உள்ளே சிஞ்ஞோரா, தன் வழக்கமான பச்சைச் சால்வையோடு, ஒரு தாளைப் பார்த்தபடி நின்றார். வெள்ளிக்கிழமை, சிஞ்ஞோரா, வாசல். நான் குனிந்து சப்பாத்தைக் கழற்றி ஓரமாக வைத்தேன்.

நிமிர்ந்தபோது மிஸ் தன் செருப்பைக் கழற்றி, என் சப்பாத்துக்குப் பக்கத்தில் ஒழுங்காக வைத்துக்கொண்டிருந்தார். மாசி மாதக் குளிர், தரை பளிங்கு. "நல்ல முறை, மரியாதையான ஆக்கள்" என்று எனக்கு மட்டும் கேட்கச் சொன்னார். மிஸ்ஸின் வெறுங்காலைப் பார்த்த சிஞ்ஞோராவின் முகத்தில் கோயிலுக்குள் வந்துவிட்ட பாவனை. தமிழர்களின் வழக்கம் போலிருக்கிறது என்று அவர் தானும் கழற்றினார். மிச்சம் இருந்தவர் செயலாளர், முத்திரை வைத்திருப்பவர். பட்டம் பெற்ற எல்லோரையும் போல அவரையும் தொத்தோரே என்றுதான் கூப்பிட வேண்டும். அவர் நாங்கள் மூவரும் வெறுங்காலோடு நிற்பதைப் பார்த்தார். தன் சப்பாத்தைப் பார்த்தார். கால்களைக் கதிரைக்கு அடியில் இழுத்துக்கொண்டார்.

அடுத்தது உட்காருவது. சிஞ்ஞோரா உட்காரும் வரை நான் உட்கார்ந்து பழக்கமில்லை, நின்றேன். நான் நிற்பதால் மிஸ் நின்றார். விருந்தாளி நிற்பதால் சிஞ்ஞோரா நின்றார். கொஞ்ச நேரம் யாரோ இறந்ததற்கு அஞ்சலி செலுத்துவது போல எல்லோரும் நின்றோம். தொத்தோரே முழங்கால் நோவென்று சொல்லி ஏற்கெனவே உட்கார்ந்திருந்ததால், அவரைப் பார்த்து மற்றவர்களும் ஒருவாறு உட்கார்ந்தோம். நான் மிஸ்ஸின் பக்கம்தான் உட்கார்ந்தேன். அந்த ஒன்றையாவது சரியாகச் செய்தேன்.

உண்மையைச் சொன்னால், முதல் ஒரு மணித்தியாலம் என் வாழ்க்கையிலேயே நான் திறமையாக இருந்த மணித்தியாலம். மிஸ்ஸும் சிஞ்ஞோராவும் ஆங்கிலத்தில் பேசிக்கொள்ளக் கூடியவர்கள்தான். ஆனால் தொத்தோரேக்கு இத்தாலியன் மட்டும்தான் தெரியும், ஒப்பந்தமும் இத்தாலிய மொழியில்தான் இருந்தது. அவர்கள் தங்கள் மொழியில் பேசினால் நான் என் மொழியில் பேசுவேன் என்று மிஸ் முடிவாகச் சொல்லிவிட்டார். அவர் தமிழில் சொல்ல, நான் இத்தாலியனில் சொன்னேன். முதல் இரண்டு விடயத்துக்கும் சிஞ்ஞோரா கொஞ்சம் யோசித்துத் தலையசைத்தார். மூன்றாவதில் இழுத்தார். எங்கள் மாணவர்கள் அங்கே போவது சுலபம், உங்கள் மாணவர்கள் இங்கே வர விசா கஷ்டம், ஆகவே முதலில் நாங்கள் மட்டும் அனுப்புகிறோமே என்றார்.

"விசா கஷ்டம் எண்டால் விசாவுக்குக் கடிதம் குடுக்கிறதையும் ஒப்பந்தத்திலை எழுதுவம் எண்டு சொல்லும்" என்றார் மிஸ்.

ஐந்து பேர் என்று கேட்டது இரண்டு பேராகக் குறைந்தது. ஆனால் இரண்டு பக்கமும் இரண்டு. ஒத்துக்கொண்ட மூன்றையும் மிஸ் ஒரு வெள்ளைத் தாளில் மைப்பேனையால் அழகான கையெழுத்தில் எழுதினார். ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் சிஞ்ஞோரா குமிழ்முனைப் பேனையால் தன் சுருக்கொப்பம் வைத்தார். கோப்பி குடித்துவிட்டு இதை இத்தாலிய ஒப்பந்தத்தில் சேர்த்து அச்செடுக்கிறேன், ஆனால் ஒரு மணிக்கு அலுவலகம் பூட்டிவிடும் என்றார் தொத்தோரே. மிஸ்ஸுக்கு மறுநாள் காலை விமானம்.

தொத்தோரே மோக்காவில் போட்ட கோப்பி வந்தது. மிஸ்ஸும் சிஞ்ஞோராவும் கோப்பையோடு சன்னலடிக்குப் போனார்கள். கீழே முற்றத்தில் நின்ற தோடை மரத்தைக் காட்டி சிஞ்ஞோரா ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். சொல்லிக்கொண்டே பின்னால் திரும்பி, பார்க்காமல், குடித்து முடித்த கோப்பையை மேசையில் வைத்தார்.

தாளின் மேல் வைத்தார்.

அதற்குப் பிறகு நடந்ததில் எனக்குப் பங்கில்லை என்று இன்றும் வாதாடுவேன். எழுந்தது கால், எடுத்தது கை. கோப்பைகள், கரண்டிகள், சீனிப் பொட்டலக் கடதாசிகள், கோப்பை வைத்த தாள் எல்லாவற்றையும் தட்டில் அடுக்கிக்கொண்டு நடைபாதையின் கோடியில் இருந்த சின்னக் குசினிக்குப் போனேன். மோக்காவைத் திருகித் திறந்தேன். சக்கையைத் தட்டித் தாளில் கொட்டி, நான்கு பக்கமும் மடித்து, தொட்டியில் போட்டேன். அப்போது ஒரு பாட்டைக்கூட முணுமுணுத்துக்கொண்டிருந்தேன்.

கோப்பையைக் கழுவத் தொடங்கியபோது பின்னால் காலடிச் சத்தம். மிஸ் தன் கோப்பையோடு வந்திருந்தார்.

"தம்பி, இஞ்சை அவரவர்தான் கழுவுறதோ?"

"ஓம் மிஸ்" என்றேன். வேறு என்ன சொல்ல?

மிஸ் கோப்பையைக் கழுவிக் கவிழ்த்தார். சுவரில் தொங்கிய துணியை எடுத்து நான் கழுவுவதைத் துடைக்கவும் தொடங்கினார். விருந்தாளியைத் தேடிவந்த சிஞ்ஞோரா, பேராசிரியர் ஒருவர் கோப்பை துடைப்பதைக் கண்டு திகைத்து, இதுவும் வழக்கத்தில் சேர்த்திதான் என்று நினைத்து, இன்னொரு துணியை எடுத்தார். இரண்டு பல்கலைக்கழகங்களும் வெறுங்காலோடு ஒரு கழுவுதொட்டியடியில் நின்று நான்கு கோப்பைகளைத் துடைத்தன. சரிசமமான கூட்டுறவு என்றால் இதுதான் என்று யாராவது படம் எடுத்திருக்கலாம்.

அறைக்குத் திரும்பினோம். தொத்தோரே கணினிக்கு முன்னால் உட்கார்ந்து, தாளைத் தாருங்கள் என்று கையை நீட்டினார்.

மிஸ் தன் ஃபைலைப் புரட்டினார், சிஞ்ஞோரா பையைக் கவிழ்த்தார். நான் மேசைக்கு அடியில் தவழ்ந்தேன். தவழும்போதுதான், தொத்தோரேயின் சப்பாத்துக்குப் பக்கத்தில் வைத்து, எனக்கு எல்லாம் நினைவுக்கு வந்தது. மேசைக்கு அடியிலேயே இருந்துவிடலாமா என்று யோசித்தேன்.

தொத்தோரே கெட்டவர் அல்ல, ஒழுங்கானவர். அதைவிட ஆபத்தான பிறவி அலுவலகத்தில் கிடையாது. தாளை உங்கள் மொழிபெயர்ப்பாளர் மேசையிலிருந்து எடுத்துப் போனதைத் தன் கண்ணால் கண்டதாகச் சொன்னார். ஒரு தரப்பு தன் கோரிக்கையை மேசையிலிருந்து எடுத்தால் அது வாபஸ், அது அவர்களின் உரிமை. ஆகவே பழைய வரைவையே அச்செடுக்கிறேன், நேரம் பன்னிரண்டே கால் என்றார்.

இதை மிஸ்ஸுக்கு மொழிபெயர்க்க வேண்டியவன் நான். கொஞ்சம் மாற்றிச் சொல்லிவிடலாமா என்று ஒரு கணம் நினைத்தேன், மறைக்கவில்லை. ஆனால் அந்த வரைவு என்ன என்று எனக்குத் தெரியும். அதில் நாங்கள் மறுபடியும் உள்ளூர் நண்பர்கள். சொல் மாறாமல் சொன்னேன்.

"நீரோ எடுத்தனீர்?"

"ஓம் மிஸ்."

"ஏன்?"

என் நிலைமையை யோசித்துப் பாருங்கள். நான் மிஸ்ஸின் தரப்பு ஆளாக எடுத்தேன் என்றால் மூன்று கோரிக்கையும் வாபஸ். வாபஸ் இல்லை என்று காட்ட வேண்டுமானால், எடுத்த கை எந்தத் தரப்புக் கை என்று சொல்ல வேண்டும். சொன்னால் நான்கு வருடமாக அம்மா ஊரில் கட்டிய மாளிகை இடிந்து விழும். மச்சானின் கோட்டுக்குள் இன்னும் சுருங்கினேன்.

"மிஸ், நான் பல்கலைக்கழகத்திலை இல்லை. சிஞ்ஞோரா வீட்டிலை கூட்டித் துடைக்கிற வேலை. செவ்வாயும் வெள்ளியும். இண்டைக்கு வெள்ளி. அவவின்ர வீட்டிலை கோப்பை வைச்ச கடதாசியைக் குப்பையிலை போடச் சொல்லியிருக்கிறா. அதுதான் போட்டிட்டன்."

அதையே இத்தாலியனில் தொத்தோரேக்கும் சொன்னேன். எடுத்தது அவர்களுடைய மொழிபெயர்ப்பாளன் அல்ல, சிஞ்ஞோராவின் வேலையாள் என்றேன். தன் குற்றத்தைத் தானே இரண்டு மொழியில் மொழிபெயர்த்தவன் உலகத்தில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். சிஞ்ஞோரா முதலில் விளங்காமல் பார்த்தார். அவருக்கு அதில் மறைக்க என்ன இருக்கிறது என்றே தெரியவில்லை. பிறகு மெல்ல விளங்கி, அவர் முகமும் மாறியது.

மிஸ் என் வெறுங்காலைப் பார்த்தார். தன் வெறுங்காலைப் பார்த்தார்.

"அப்ப சப்பாத்துக் கழட்டினது?"

"சிஞ்ஞோரா வீட்டுப் பழக்கம், மிஸ்."

"கோப்பை கழுவினது?"

"அதுவும்தான்."

மூக்குக் கண்ணாடியைக் கழற்றிச் சேலைத் தலைப்பால் துடைத்தார். நிதானமாக, இரண்டு கண்ணாடியையும் துடைத்தார். திட்டப்போகிறார் என்று நான் காத்திருந்தேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு சொன்னார்:

"சரி. இப்ப ஒரு கேள்வி கேளும். எங்கட கடதாசிக்கு மேலை கோப்பையை வைச்சது ஆர்?"

அறையில் அதற்குப் பதில் சொல்ல வேண்டியவர் ஒருவர், அதை இத்தாலியனில் கேட்கக் கூடியவனும் ஒருவன். நான்கு வருடத்தில் சிஞ்ஞோராவிடம் நான் கேட்ட கேள்விகள் எல்லாம் 'இதை எங்கே வைப்பது' என்ற வகை. 'யார் செய்தது' என்று ஒரு நாளும் கேட்டதில்லை. அவருடைய வீட்டில் பூச்சாடி உடைந்த அன்றுகூட, உடைத்தது அவருடைய பூனை என்று தெரிந்தும், நான்தான் மன்னிப்புக் கேட்டேன். இருக்கிற மரியாதைச் சொற்கள் அத்தனையையும் முன்னால் போட்டு, கடைசியில் கேட்டேவிட்டேன்.

சிஞ்ஞோரா கழுத்து வரை சிவந்தார். "நான்தான்" என்றார்.

எழுந்து, வெறுங்காலோடு, நடைபாதைக் கோடிக்குப் போனார். நான் பின்னால் ஓடினேன். என்னைத் தொடவிடாமல் தானே குப்பைத் தொட்டிக்குள் கையை விட்டுப் பொட்டலத்தை எடுத்து, சக்கையை உதறி, தாளை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு வந்து மேசையில் விரித்தார். மிஸ் மைப்பேனையால் எழுதியதெல்லாம் கரைந்து மண்ணிறமாகியிருந்தது. குமிழ்முனைப் பேனையால் வைத்த சுருக்கொப்பங்கள் மூன்றும் அப்படியே இருந்தன. அதாவது சம்மதம் மூன்று இடத்திலும் பத்திரமாக இருந்தது, எதற்குச் சம்மதம் என்பதுதான் அழிந்துவிட்டது. தொத்தோரே அதைச் சட்டப்படி ஆராயத் தொடங்குவதற்குள் சிஞ்ஞோரா புதுத் தாளை எடுத்தார். மறுபடி சொல்லச் சொல்லுங்கள், இந்த முறை நான் எழுதுகிறேன் என்றார்.

மிஸ் சொன்னார், நான் சொன்னேன், சிஞ்ஞோரா எழுதினார், தொத்தோரே தட்டினார். ஒரு மணிக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது பழைய வரைவின் ஐந்தோடு புதிய மூன்றும் சேர்ந்து எட்டுப் பிரிவுகளும் முடிந்தன. அச்சு இயந்திரத்தை இயக்கத் தொத்தோரே எழுந்தபோது மிஸ் கையைத் தூக்கினார்.

"ஒன்பதாவதாய் இன்னொண்டு போடச் சொல்லும். ரெண்டு பகுதியும் சந்திக்கிற இடத்திலை அவரவர் கோப்பையை அவரவர்தான் எடுக்கோணும். கடதாசிக்கு மேலை ஒருத்தரும் வைக்கக் கூடாது."

நகைச்சுவைக்குச் சொல்கிறார் என்று நினைத்து முகத்தைப் பார்த்தேன். சிரிக்கவில்லை. மொழிபெயர்த்தேன். இப்படி ஒரு பிரிவைத் தன் உத்தியோக காலத்தில் கண்டதில்லை, இதை எந்தத் தலைப்பின் கீழ் போடுவது என்று தொத்தோரே பதறினார். சிஞ்ஞோரா, "போடுங்கள்" என்றார். தலைப்பு 'பொது'. இன்றைக்கும் இருக்கிறது, முத்திரையோடு.

கையெழுத்து வைத்தபோது நடைபாதையில் போன ஒரு மாணவியைக் கூப்பிட்டுப் படம் எடுக்கச் சொன்னார்கள். அந்த நேரம் தொத்தோரேக்கும் தான் மட்டும் சப்பாத்தோடு நிற்பது கூச்சமாகிவிட்டது போல, கழற்றினார். ஏன் அவ்வளவு நேரம் கழற்றவில்லை என்று அப்போதுதான் விளங்கியது. மேல் பாதி மட்டும் எடுத்தால் போதும் என்று அந்தப் பிள்ளையிடம் கெஞ்சினேன். படம் இப்போது இரண்டு பல்கலைக்கழகச் சுவரிலும் தொங்குகிறது. எட்டுப் பாதங்களும் தெளிவாக இருக்கின்றன, ஒரு பெருவிரல் காலுறைக்கு வெளியே இருக்கிறது.

படியிறங்கும்போது மிஸ் முதல் மாடியில் நின்று மூச்சு வாங்கினார்.

"கூட்டித் துடைக்கிறது எண்டு சொல்லியிருந்தால் நான் என்ன, உம்மைக் குறைச்சோ பாத்திருப்பன்? உந்த வெக்கத்தாலை எங்கட பிள்ளையளின்ர கதவையெல்லோ சாத்தப் பாத்தீர்."

மச்சானின் கோட்டுக் கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். அந்தக் கோட்டில் அதற்கு வேண்டிய அளவு துணி இருந்தது. கீழே வந்ததும், பசிக்குது, சந்தையிலை என்ன சாப்பிடலாம் என்று கேட்டார். கடலைமாப் பணியாரம் வைத்த பாண் வாங்கிக் கொடுத்தேன். மிளகாய் போதாது என்று அம்மா கொடுத்துவிட்ட பொதியைப் பிரித்து, நடுத் தெருவில் தூவிச் சாப்பிட்டார்.

அன்று இரவே அம்மாவை அழைத்து எல்லாவற்றையும் சொன்னேன். விட்ட ரெண்டு சொல்லையும் இனிச் சேர்த்துச் சொல்கிறேன் என்றார். சேர்த்தும் சொன்னார். ஆனால் அம்மாவுக்குச் சேர்க்கத் தொடங்கினால் நிறுத்தத் தெரியாது. ஒரு மாதம் கழித்து ஊரிலிருந்து வந்த செய்தி: தயாபரன் (நான்தான்) பேராசிரியர் வீட்டில் இருந்துகொண்டு பல்கலைக்கழகங்களுக்குச் சட்டம் எழுதுகிறானாம்.

அடுத்த செவ்வாய் சிஞ்ஞோரா வீட்டுக்குப் போனபோது மேசை வெறுமையாக இருந்தது. கோப்பையைத் தானே கழுவிக் கவிழ்த்து வைத்திருந்தார், விளிம்பில் உதட்டுச் சாயத்தோடு. அவர் வெளியே போன பிறகு எடுத்து மறுபடி கழுவினேன். (ஒன்பதாம் பிரிவு கூட்டங்களுக்குத்தானே.) வேண்டாத தாளைப் போட ஒரு கூடை வாங்கி வைத்துவிட்டார். ஆராய்ச்சிப் புத்தகம் வந்தபோது முதல் பிரதியைக் கையில் தந்தார். முகப்பில் இரண்டு பெயர்களும் ஒரே அளவு எழுத்தில் இருந்தன. கடைசிப் பக்கத்தைத் திருப்பிப் பார்த்தேன். நன்றி சாரதிக்கு மட்டும்தான்.

பிறகு நான் கல்யாணம் செய்தேன். இந்தக் கதையை மனைவிக்குச் சொன்னது நான் செய்த இரண்டாவது பிழை. தேநீர் குடித்துவிட்டுக் கோப்பையை அப்படியே வைத்துவிட்டு எழுந்தால், குசினிக்குள்ளிருந்து "ஒன்பது" என்று ஒரு சொல் மட்டும் வரும். மச்சான் குடும்பத்தோடு வந்தால் அவருக்கும் ஒன்பதுதான். எங்கள் மகள் அதைக் கேட்டே வளர்ந்தாள். அவளுக்கு ஏழு வயது. ஒன்பதாம் பிரிவு என்பது இத்தாலி முழுவதற்கும் உள்ள சட்டம் என்று நம்பிக்கொண்டிருந்தாள்.

போன மாதம் அவளுடைய பள்ளிக்கூடத்திலிருந்து அழைத்தார்கள். ஆசிரியை அவளுடைய மேசைக்கு அருகில் நின்று யாருடனோ பேசியபடி, கையில் இருந்த கோப்பிக் கோப்பையை அவள் கீறிக்கொண்டிருந்த படத்தின் மேல் வைத்துவிட்டாராம். வகுப்பில் இருக்கும் ஒரே தமிழ்ப் பிள்ளை எழுந்து நின்று, அச்சு அசல் பலெர்மோ இழுவையில், "ஒன்பதாம் பிரிவு, ஆசிரியை. கோப்பையை எடுங்கள்" என்றிருக்கிறாள். எடுக்கும் வரை உட்காரவில்லையாம். நாங்கள் நேரில் வர வேண்டும் என்றார்கள். மனைவிக்கு வேலை, நான்தான் போனேன். போகும் வழியெல்லாம் என்ன மன்னிப்புச் சொல்வது என்று இத்தாலியனில் ஒத்திகை பார்த்தேன்.

ஆசிரியையின் அறைக் கதவு திறந்திருந்தது. அவர் மேசையில் மகளின் படம், அதில் வட்டமாகக் கோப்பிக் கறை. மகள் பக்கத்துக் கதிரையில் இருந்து என் காலையே பார்த்துக்கொண்டிருந்தாள். (சப்பாத்துக் கதையும் அவளுக்குத் தெரியும்.)

வாசலில் நின்றேன். குனிந்தது உண்மை. ஆனால் சப்பாத்துக் கயிற்றை இறுக்கிக் கட்டிக்கொண்டு நிமிர்ந்தேன். உள்ளே போய், மகளின் பக்கத்தில் இருந்த கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.